கம்பியும் கற்காரையும் நிலநடுக்கமும்

மலாயாத் தீபகற்பத்தில் வாழும் நாம் நிலநடுக்கத்தை அயல்நாட்டுச் செய்தியாகவே எண்ணிப் பழகியவர்கள். ஜப்பானில் நிகழ்ந்தது, குஜராத்தில் நிகழ்ந்தது, சுமத்திராவில் நிகழ்ந்தது என்று நாளிதழில் படிப்போம், இரங்குவோம், நன்கொடை திரட்டி அனுப்புவோம், அத்துடன் மறந்துவிடுவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அந்த எண்ணத்தைச் சற்றே அசைத்தது. அன்று நண்பகலுக்குப் பின் கடல் எழுந்து கோத்தா கோலா மூடா மீனவர் குடியிருப்புகளுக்குள் புகுந்ததைக் கெடா மாநிலத்தார் எவரும் மறவார். மலேசியாவில் மட்டும் 68 பேர் மாண்டனர்.

ஆயின், கடல் வருவதற்குச் சில மணி நேரம் முன்னரே, காலை 9 மணியளவில், வேறொன்று நிகழ்ந்திருந்தது. பினாங்கில் அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் குடியிருந்தோர் தலை சுற்றுவது போல் உணர்ந்தனர். தொங்கிய விளக்குகள் ஊசலாடின. பலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினர். அதே நேரத்தில் சுங்கை லாலாங்கில் தரைவீட்டில் இருந்த எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காலைப் பசியாறல் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. பினாங்கிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்துக் கூறிய பின்னரே செய்தி அறிந்தோம். 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோதும் இவ்வாறே. நள்ளிரவு கடந்த வேளையில் அடுக்குமாடிவாசிகள் வீதியில் நின்றனர். தோட்டத்து மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

நடுக்கம் பிறந்த இடத்திற்கும் நமக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தொலைவைக் கடந்து வந்த அதிர்வு, பலகை வீட்டை விட்டுவிட்டுக் கற்காரைக் கோபுரத்தைத் தேடிப் பிடித்து ஆட்டியது ஏன்? இவ்வினாவிற்கு விடை காணப் புகுந்தால், கம்பியிட்ட கற்காரை என்னும் பொருள் நிலநடுக்கத்தின் முன் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மனிதன் ஒரு நூற்றாண்டுக் காலம் படிப்படியாகக் கற்ற வரலாறு நம் முன் விரியும். அவ்வரலாற்றின் ஒவ்வொரு பாடமும் இடிபாடுகளுக்கிடையே கற்கப்பட்டது.

முதலில் அவ்வினாவிற்கே விடை கூறுவோம். ஊஞ்சலை ஆட்டும் சிறுவன், அது திரும்பி வரும் தருணம் பார்த்து மெல்லத் தள்ளுகிறான். தருணம் ஒத்தால் சிறு விரல் தள்ளினாலும் ஊஞ்சல் உயரே செல்லும். ஒவ்வாவிடில் எவ்வளவு வலிந்து தள்ளினும் பயனில்லை. கட்டடமும் ஓர் ஊஞ்சலே. அப்பாலும் இப்பாலும் ஒருமுறை ஆடி முடிக்க அது தனக்கென ஒரு காலத்தை எடுத்துக்கொள்கிறது. மாடிக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர் கூறும் தோராயக் கணக்கு. ஒற்றை மாடி வீடு வெகு விரைவாக அதிரும். பத்து மாடிக் கட்டடம் ஏறத்தாழ ஒரு நொடியும், இருபது மாடிக் கட்டடம் இரு நொடியும் எடுத்துக்கொள்ளும். நிலநடுக்கம் பிறக்குமிடத்தில் விரைந்த அலைகளும் மெதுவான அலைகளும் கலந்தே எழுகின்றன. விரைந்தவை வழியிலேயே தளர்ந்து மடிகின்றன. மெதுவானவை நெடுந்தொலைவு செல்கின்றன. செல்லுமிடத்தில் ஆழமான சேற்று மண் இருப்பின், அவை அங்கே மேலும் பெருகுகின்றன. எனவேதான் தொலைவிலுள்ள நடுக்கத்தைக் குடிசை அறிவதில்லை, கோபுரம் அறிகிறது.

இதை உலகிற்கு மறுக்கவியலாத வகையில் உணர்த்தியது மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19ஆம் நாள் காலை, பசிபிக் கடற்கரையோரத்தில் 8.0 அளவில் நிலம் நடுங்கியது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆயினும் கடற்கரை ஊர்கள் பலவற்றைக் காட்டிலும் நகரமே பெருந்துன்பம் உற்றது. பழைய ஏரி ஒன்றைத் தூர்த்து அதன் மேல் எழுந்த நகரம் அது. ஏரிப் படுகையின் களிமண் இரண்டு நொடிக்கொருமுறை ஆடும் இயல்பினது. ஆறு முதல் பதினைந்து மாடி வரை உயர்ந்த கட்டடங்களே மிகுதியாக வீழ்ந்தன. அவற்றினும் தாழ்ந்தவை பெரும்பாலும் தப்பின. 1956இல் எழுப்பப்பட்ட லத்தீன் அமெரிக்கக் கோபுரமோ நாற்பது மாடிகளுக்கு மேல் உயர்ந்து நின்றும் சேதமின்றி விளங்கியது. உயரம் மட்டும் குற்றவாளி அன்று; மண்ணின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றிவிடுவதே கேடு என்பது அங்குத் தெளிவாயிற்று.

நமக்கு இன்னும் அண்மைச் சான்று பாங்காக். 2025 மார்ச் 28ஆம் நாள் மியன்மாரில் மண்டலை நகருக்கு அருகே 7.7 அளவில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, மென்களிமண் மீது அமைந்த பாங்காக்கில், கட்டி முடிக்கப்பெறாதிருந்த முப்பது மாடிகளுக்கு மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று நொடிப்பொழுதில் தரைமட்டமானது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் பலர் புதையுண்டனர். அந்நகரின் பிற உயர்ந்த கட்டடங்கள் ஆடின. நீச்சற்குளங்களின் நீர் மாடியிலிருந்து அருவியாகக் கொட்டியது. ஆயினும் அவை நின்றன. ஒன்று வீழ்ந்தது, நூற்றுக்கணக்கானவை நின்றன என்னும் இவ்வேறுபாட்டில்தான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது.

காங்கிரீட் என நாம் பேச்சில் வழங்கும் கற்காரை, சிமெந்தும் மணலும் சல்லியும் நீரும் கலந்து இறுகிய செயற்கைக் கல். அதனை அழுத்தினால் மலைபோல் தாங்கும்; இழுத்தால் அத்தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இராது, பிளந்துவிடும். இழுவையைத் தாங்க இரும்புக் கம்பியை உள்ளே வைக்கும் வழியைப் பரவச் செய்தவர் ஒரு தோட்டக்காரர். பிரான்சு நாட்டு ஜோசப் மோனியே பூந்தொட்டிகள் உடையாதிருக்கக் கம்பி வலை பதித்துச் செய்து 1867இல் காப்புரிமை பெற்றார். அதே நாட்டின் என்னெபிக் 1892இல் தூணும் விட்டமும் தளமும் ஒன்றாய்ப் பிணைந்த கட்டட முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவியது. பூந்தொட்டியில் பிறந்த நுட்பம் இன்று மனிதர் தலைக்கு மேல் இருபது தளங்களாய் அடுக்கப்பட்டிருக்கிறது என எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

அந்நாளைய பொறியாளர் மேலிருந்து கீழ்நோக்கி வரும் சுமையையே கணக்கிட்டனர். நிலநடுக்கமோ பக்கவாட்டில் உதைக்கிறது. 1908 டிசம்பர் 28இல் இத்தாலியின் மெசினா நகரம் அழிந்தபின், கீழ்த்தளம் தன்மேலுள்ள எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகத் தாங்க வேண்டும் என அந்நாட்டு அறிஞர் குழு வகுத்தது. 1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவையும் யோக்கோகாமாவையும் எரித்தழித்த காந்தோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரழிவினூடே, அதே ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு வங்கிக் கட்டடம் ஏறக்குறையப் பழுதின்றி நின்றது. அதனை வடிவமைத்தவர் நைத்தோ தாச்சூ என்னும் பேராசிரியர். பின்னாளில் தோக்கியோ கோபுரத்தையும் அமைத்தவர் இவரே. அமெரிக்கப் பயணத்தின்போது பெட்டிக்குள் இருந்த தடுப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டதால் பெட்டி நசுங்கியதைக் கண்டு, கட்டடத்திற்கும் உள்ளே திண்ணிய குறுக்குச் சுவர்கள் வேண்டும் எனத் தெளிந்தார் என்று இவரைப் பற்றிக் கூறுவர். மறு ஆண்டே ஜப்பான், எடையில் பத்தில் ஒரு பங்கு என்னும் விதியைச் சட்டமாக்கியது.

இதுவரை கற்றது வலிமைப் பாடம். வலிமை மட்டும் போதாது என்னும் அடுத்த பாடமே அரியது. அது வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1971 பிப்ரவரி 9ஆம் நாள் விடியற்காலை கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோப் பள்ளத்தாக்கு நடுங்கியது. ஆலிவ் வியூ என்னும் புதிய மருத்துவமனை அங்கே இருந்தது. அது விதிநூலின்படியே கட்டப்பட்டது. மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாகவும் கீழ்த்தளம் தூண்களால் மட்டும் தாங்கப்பட்டதாகவும் அமைந்திருந்தமையால், ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத்தில் வந்து குவிந்தது. கட்டடமே பக்கவாட்டில் நகர்ந்து சாய்ந்து நின்றது. இடிபாட்டை ஆராய்ந்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். மூலைத்தூண்கள் சிலவற்றில் நெடுங்கம்பிகளைச் சுற்றி இடைவெளிவிட்டுத் தனித்தனி வளையங்கள் இடப்பட்டிருந்தன, அவை நொறுங்கிப்போயின. மற்றத் தூண்களில் கம்பி, சுருள்வில் போல நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அவற்றின் மேற்புறக் கற்காரை உதிர்ந்தது; தூண் வளைந்தது; ஆனால் உடையவில்லை. வளைந்த நிலையிலேயே மேலுள்ள சுமையை ஏந்தி நின்றது.

இதன் காரணம் எளிது. தரையில் கொட்டிய அரிசி மேலே மிதித்தால் நாற்புறமும் சிதறும். அதே அரிசியைச் சாக்கிலிட்டு இறுகக் கட்டினால் அதன்மேல் பத்து மூட்டைகளை அடுக்கலாம். தூணில் உள்ள வளையக் கம்பியே அச்சாக்கு. கற்காரை உள்ளே நொறுங்கினாலும் சிதறாமல் பிடித்துவைக்கிறது. நெடுங்கம்பிகள் வெளிப்புறம் பிதுங்கி மடியாமலும் காக்கிறது. பெரு நடுக்கத்தில் கட்டடம் சிறிதும் பழுதுறாமல் இருக்கவேண்டும் எனில் அதனைக் கோட்டையாகக் கட்ட வேண்டும். அது யார்க்கும் கட்டுபடியாகாது. பழுதுறட்டும், வளையட்டும், வெடிக்கட்டும். ஆனால் உள்ளே இருப்பவர் மேல் விழாதிருக்கட்டும் என்பதே புதுக்கொள்கை. நியூசிலாந்தின் கேண்டர்பரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்க், பாலே ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையைப் பொறியாளர் உலகம் முழுவதும் பரப்பியது. எது முதலில் வளைய வேண்டும் என்பதைக் கட்டுவோனே முன்கூட்டித் தீர்மானிக்கிறான். விட்டங்கள் வளையலாம், தூண்கள் தாங்க வேண்டும். விட்டம் கெட்டால் ஓர் அறை கெடும்; தூண் கெட்டால் கட்டடமே அடுக்கிய தோசைபோல் படிந்துவிடும்.

இனி இந்தியாவிற்கு வருவோம். அங்கு அறிவுக்குக் குறைவில்லை. 1935 மே 31இல் குவெட்டா நகரம் அழிந்த அதே ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நிலநடுக்க வரைபடம் ஒன்றை வெளியிட்டது. ஜெய்கிருஷ்ணா என்னும் பேரறிஞரின் முயற்சியால் 1960இல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியற் பள்ளி தோன்றியது. 1962இல் நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி வெளிவந்தது. 1967இல் கொய்னா அணையருகே நிகழ்ந்த நடுக்கம், தென்னாட்டு நிலம் அசையாதது என்னும் பழைய நம்பிக்கையைப் போக்கியது. 1993இல் கம்பி கட்டும் முறைக்கெனத் தனி விதிநூலே வந்தது. தூணின் தலையிலும் அடியிலும் வளையங்களுக்கிடையே நூறு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வளையத்தின் முனைகளை 90 பாகையில் மடித்துவிடாமல் 135 பாகை மடித்துக் கற்காரையின் உட்புறம் செருக வேண்டும் என்பன போன்றவை அதில் உள்ளன. 90 பாகையில் மடித்த முனை, மேற்புறக் கற்காரை உதிர்ந்தவுடன் விரிந்துவிடும்; 135 பாகையில் மடித்தது விரியாது. இவ்வளவு சிறிய வேறுபாடு.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2001 ஜனவரி 26ஆம் நாள் காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்சுப் பகுதி 7.7 அளவில் நடுங்கியது. அன்று குடியரசு நாள். அஞ்சார் என்னும் ஊரின் குறுகிய தெருவழியே கொடி ஏந்தி ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் மேல் இருபுறத்துக் கல்வீடுகளும் சரிந்தன. 185 மாணவரும் 20 ஆசிரியரும் ஒரே தெருவில் மாண்டனர். பள்ளி நடத்தும் எவரும் இவ்வெண்களை ஒருமுறைக்கு மேல் படிக்க இயலாது. அவை பழைய கல்வீடுகள். நம் பொருளுக்குச் சற்றே புறம்பானவை. ஆயினும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

கற்காரையின் கதை அகமதாபாத்தில் நிகழ்ந்தது. நடுக்க மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அப்பெருநகரத்தில் எழுபதுக்கு மேற்பட்ட கற்காரை அடுக்குமாடிகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 750 பேர் உயிரிழந்தனர். வீழ்ந்தவை பாழடைந்த கட்டடங்கள் அல்ல. அண்மையில் எழுந்த நடுத்தர மக்களின் குடியிருப்புகள், பெரும்பாலும் தரைத்தளத்தின் மேல் நான்கு மாடியாகவோ பத்து மாடியாகவோ அமைந்தவை. சபர்மதி ஆற்றின் ஆழமான வண்டல், தொலைவிலிருந்து வந்த அதிர்வைப் பெருக்கியது. வண்டி நிறுத்துவதற்கெனத் தரைத்தளம் சுவரின்றி வெறுந்தூண்களின் மேல் விடப்பட்டிருந்தது. மேலே செங்கற்சுவர்கள் நிறைந்த விறைப்பான பெட்டி. கீழே மெலிந்த கால்கள். ஆலிவ் வியூ முப்பதாண்டுகளுக்கு முன் காட்டிய அதே வடிவம்! இடிபாடுகளில் காணப்பட்ட தூண்களில் வளையங்கள் மெல்லியனவாய், இடைவெளி அகன்றனவாய், 90 பாகையில் மடிக்கப்பட்டனவாய் இருந்தன. நூலகத்தில் விதிநூல் இருந்தது. தூணுக்குள் அது புகவில்லை. தனியார் கட்டடங்களில் அவ்விதி பின்பற்றப்படுகிறதா எனப் பார்ப்பார் பெரும்பாலும் இல்லை. கட்டுவித்தவர் பலரைக் கைது செய்தனர். அது பின்னர் வந்த நடவடிக்கை.

இக்கேட்டிலிருந்து விளைந்த நன்மைகளும் உண்டு. 2002இல் இந்திய விதிநூல் திருத்தப்பட்டது. சென்னை நகரம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த 5.5 அளவுள்ள நடுக்கத்தைச் சென்னை மக்கள் நேரிலேயே உணர்ந்திருந்தனர். 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்ததைத் தமிழர் பலர் அறியார். நம் முன்னோரில் பலர் கப்பலேறிய காலம் அது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சி. வி. ஆர். மூர்த்தி, இவ்வறிவை எளிய நடையில் 24 சிறு பாடங்களாக எழுதினார். பொறியாளர் அல்லாதாரும் படங்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியப் பயிற்சி பெற்ற கண்ணுடன் நோக்கினாலும் அவை நல்ல பாடங்கள் என்றே கூறுவேன்.

நம் நாட்டு நிலை என்ன? நாம் பிரித்தானிய விதிநூல்களைக் கொண்டு கட்டினோம். அந்நாட்டில் பெரு நடுக்கம் இல்லை. எனவே அவ்விதிகளிலும் நிலநடுக்கத்திற்கு இடமில்லை. காற்றின் தள்ளுவிசைக்குத்தான் கணக்கு உண்டு. தோட்டத்து லயங்களும் பலகைப் பள்ளிகளும் இருந்த நாளில் அது பெரிய குறையன்று; மரம் வளையும், எடையும் குறைவு. இன்றோ தமிழ்ப்பள்ளிகள் பல மூன்று மாடி, நான்கு மாடிக் கற்காரைக் கட்டடங்களாய் நிமிர்ந்துள்ளன. அது நமக்குப் பெருமைதான். அக்கட்டடங்களின் நடைபாதையோரம் சன்னலுக்குக் கீழ் அரைச்சுவர் கட்டும் வழக்கம் உண்டு. அரைச்சுவர் தூணைப் பாதி உயரம் வரை இறுகப் பற்றிக்கொள்கிறது. மேலே எஞ்சிய பாதித்தூண்தான் அசைய முடியும். தூணின் அசையும் நீளம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். எட்டு மடங்கு விசையையும் அதுவே இழுத்துக்கொள்ளும். உலகெங்கும் நிலநடுக்கங்களில் பள்ளிக் கட்டடங்கள் சன்னல் உயரத்தில் குறுக்கே வெடிப்பது இதனால்தான். சுவருக்கும் தூணுக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, அதனை மென்பொருளால் அடைத்தால் இவ்விடர் பெரிதும் நீங்கும். செலவும் அதிகமன்று.

2015 ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரனாவ் பகுதி 6.0 அளவில் நடுங்கியது. கினபாலு மலையில் 18 பேர் மாண்டனர். ரனாவ் நகரில் ஆசிரியர் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத் தூண்கள் நொறுங்கின. அதன் கீழ்த்தளமும் வண்டி நிறுத்தத் திறந்துவிடப்பட்டதே. ஆலிவ் வியூவும் அகமதாபாத்தும் சிறு அளவில் நம் நாட்டிலேயே தோன்றின எனலாம். இரண்டாண்டுகள் கழித்து, 2017இல், ஐரோப்பிய நிலநடுக்க விதிநூலுக்கு மலேசியத் தேசியப் பின்னிணைப்பு வெளிவந்தது. சபாவிற்கு மிகுந்த அளவும் தீபகற்பத்திற்குக் குறைந்த அளவுமாக அது விசையை வகுத்துள்ளது. தீபகற்பத்திற்கு அது வீண் செலவு என வாதிடுவாரும் உளர். பகாங்கின் புக்கிட் திங்கியில் 2007 முதல் எழுந்த சிறு அதிர்வுகளையும், 2025 ஆகஸ்டு 24இல் ஜொகூரின் சிகாமட்டில் எழுந்த 4.1 அளவு நடுக்கத்தையும் எண்ணினால், அவ்வாதத்தை ஏற்க எனக்கு மனமில்லை. சுமத்திராவோ தன் இடத்திலேயே இருக்கிறது.

புதுவிதி புதுக்கட்டடத்திற்கே பொருந்தும். 2017க்கு முன் எழுந்தவை நம்மைச் சுற்றிலும் நிற்கின்றன. பழையனவற்றை இடிக்காமலே திருத்தலாம் என்பதற்கு ஜப்பான் சான்று. 2002இல் அந்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளிக் கட்டடங்களில் பாதிக்கும் குறைவானவையே நிலநடுக்கம் தாங்கும் தகுதி பெற்றிருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அனைத்தும் அத்தகுதியைப் பெற்றன. ஜப்பானியப் பள்ளிகளின் படங்களைக் காணும் நம் மாணவர், வகுப்பறைச் சன்னல்களின் குறுக்கே சாய்வாகச் செல்லும் பருத்த இரும்புச் சட்டங்கள் எதற்கு என வினவுவதுண்டு. அவை கட்டும்போது வைத்தவை அல்ல. பிள்ளைகள் உள்ளே படித்துக்கொண்டிருந்த பழைய கட்டடங்களுக்கு, விடுமுறைக் காலங்களில் வெளியிலிருந்து பொருத்தப்பட்டவை.